காணாத புழுவுக்குப் பொதுமாத்திரை: குடற்புழுத் தொற்றை அறிவதும் நீக்குவதும்

1. வினா

தமிழ்நாட்டில் இன்று அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் அல்பெண்டசோல் மாத்திரையை ஒருமுறையேனும் மென்று விழுங்காதவர் அரிது. தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அதன்படி 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இம்மாத்திரை கொடுக்கப்படுகிறது. 2 வயதைத் தாண்டியவர்களுக்கு 400 மி.கி. கொண்ட முழு மாத்திரை. அதற்குக் குறைந்த வயதினருக்குப் பாதி. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் நீங்கலாக 20 முதல் 30 வயதுப் பெண்களும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளனர்.

ஆனால் மாத்திரை பெற்றவர்களில் புழு இருக்கிறதா என்று மலத்தைப் பரிசோதித்துக்கொண்டவர்கள் மிகச் சிலரே. திட்டமும் அதைக் கேட்பதில்லை. நோயைக் கண்டறிந்து மருந்து தருவது மருத்துவத்தின் வழக்கமான முறை. இங்கே அந்த முதற்படி திட்டமிட்டே நீக்கப்பட்டுள்ளது. நோயறிதலை விட்டுவிட்டு மருந்தை மட்டும் பரப்பும் இந்த ஏற்பாடு எவ்வளவு சரி, அது எவற்றைப் பார்வையிலிருந்து மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

பொதுமருந்தளிப்பை எதிர்ப்பது இதன் நோக்கமன்று. மலிவானதும் பெரும்பாலும் தீங்கற்றதுமான ஒரு மாத்திரையை, நோய் மிகுந்த பகுதியில் எல்லோருக்கும் தருவதற்கு வலுவான நியாயம் உண்டு. எனினும் இந்தத் திட்டம் குடற்புழுவைக் குழந்தைகளின் பிரச்சினையாகவே பார்க்க நம்மைப் பழக்கியிருக்கிறது. தென்னிந்தியக் கள ஆய்வுகள் காட்டும் படம் வேறு. இங்கு எஞ்சி நிற்கும் முதன்மையான புழு கொக்கிப்புழு; அதை அதிகம் சுமப்பவர்கள் வயதுவந்த உழைப்பாளிகள். திட்டத்தின் பார்வைக்கும் இந்தக் கள உண்மைக்கும் இடையிலுள்ள இடைவெளியை நிரப்பக்கூடியது நோயறிதல் ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. வீடு அறிந்த அடையாளங்கள்

வயிற்றில் பூச்சி இருப்பதைக் கண்டுகொள்ள வீடுகளில் ஒரு பட்டியல் உண்டு. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது, மூக்கை நோண்டுவது, முகத்தில் வெளிர்ந்த தேமல், தின்றும் தேறாத உடம்பு, ஓயாத இனிப்பு ஆசை, இரவில் ஆசனவாய் அரிப்பு ஆகியவை அதில் இடம்பெறும். இப்பட்டியலை முழுவதும் ஏற்பதும் தவறு, முழுவதும் தள்ளுவதும் தவறு.

இரவில் வரும் ஆசனவாய் அரிப்பு நம்பத்தகுந்த அடையாளம். கீரிப்பூச்சி என்றும் ஊசிப்புழு என்றும் சொல்லப்படும் சிறு வெண்புழுவின் பெண், குழந்தை உறங்கும் நேரத்தில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிடுகிறது. அரிப்பு அதனால் வருவது. முட்டைகள் தோலில் இருப்பதால் வழக்கமான மலப் பரிசோதனையில் இப்புழு பெரும்பாலும் அகப்படாது. காலையில் குழந்தை கழுவுவதற்கு முன் ஒளிபுகும் ஒட்டுநாடாவை அங்கே ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உரிய முறை. மலத்தில் கண்ணால் காணும் புழுவும் ஐயமற்ற சான்று. உருளைப்புழு ஒரு சாண் நீளமும் அதற்கு மேலும் வளரும். நாடாப்புழுவின் துண்டுகள் வெள்ளை நாடா போல வெளிவரும். அவற்றை ஒரு புட்டியில் எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

முகத்துத் தேமலின் கதை வேறு. குழந்தைகளின் கன்னத்தில் காணும் வெளிர் திட்டுகள் பெரும்பாலும் வறண்ட தோலும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கும் லேசான தோல் அழற்சி. புழுவோடு அதற்குத் தொடர்பு நிறுவப்படவில்லை. பல் கடிப்பதற்கும் அப்படியே. இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதற்கும் அடிப்படையில்லை. முட்டையோ இளம்புழுவோ உடலுக்குள் புகாமல் எந்த இனிப்பும் புழுவை உண்டாக்காது.

இப்பட்டியலின் பெருங்குறை அதில் இல்லாத ஒன்று. கொக்கிப்புழுவுக்கு அதில் இடமில்லை. அது வெளியே வந்து தன்னைக் காட்டுவதில்லை. ஆசனவாயில் அரிப்பைத் தருவதும் இல்லை. மண்ணிலிருந்து பாதத்தின் வழியே நுழையும்போது சில நாள் தோன்றும் அரிப்புக் கொப்புளத்தைச் சேற்றுப்புண் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். பிறகு மாதக்கணக்கில் மிஞ்சுவது களைப்பு, மூச்சுவாங்கல், வெளுத்த இமையடி, சில பெண்களுக்குப் பச்சரிசியையோ மண்ணையோ தின்னும் ஆசை. இவையெல்லாம் இரத்தசோகையின் அடையாளங்கள். சோகைக்கோ பல காரணங்கள் உண்டு. ஆகவே தமிழ்நாட்டில் மிகுதியாக உள்ள புழுவே வீட்டறிவுக்கு மிகத் தொலைவில் இருக்கிறது.

வீட்டு மருத்துவத்தையும் இதே போல் எடைபோட வேண்டும். ஓமத்திலுள்ள தைமால் என்னும் பொருள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழுவுக்கு உலகெங்கும் பயன்பட்ட முதன்மையான மருந்து. முதல் உலகப் போருக்கு முன் இந்திய ஓமம் ஜெர்மனிக்குச் சென்று தைமாலாக மாறியது. ஆனால் அன்று கொடுத்தது கிராம் கணக்கில், பேதிமருந்தோடு, கண்காணிப்பின் கீழ். அடுப்பில் கொதிக்கும் ஓமநீரில் அந்த அளவு வராது. அந்த அளவைத் தேடுவதும் ஆபத்து. புழுக்கொல்லி என்று பெயர்பெற்ற ஆடுதீண்டாப்பாளை இதைவிடக் கவலை தருவது. அரிஸ்டலோக்கியா பேரினத்தைச் சேர்ந்த இச்செடியில் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயை உண்டாக்குவதுமான அமிலம் இருக்கிறது. மரபு மருந்து என்பதாலேயே அதைக் குழந்தைக்குக் கொடுப்பதை நியாயப்படுத்த முடியாது.

3. ஆய்வகம் அறிவதும் அறியாததும்

மண்வழிப் புழுக்கள் என்ற ஒரே தலைப்பில் உருளைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு மூன்றையும் அடக்குவது பொதுச் சுகாதாரத் துறையின் வழக்கம். உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேர் இவற்றில் ஒன்றையேனும் சுமப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஆனால் மூன்றும் உடலுக்குள் வரும் வழி வேறு, செய்யும் தீங்கு வேறு, மருந்துக்குப் பணியும் அளவும் வேறு. முதலிரண்டின் முட்டைகள் கை, காய்கறி, தண்ணீர் வழியாக வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழு ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் காத்திருந்து வெறும் பாதத்தைத் துளைக்கிறது. தோல் வழியே அது நுழைவதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கெய்ரோவில் ஆர்தர் லோஸ் கண்டறிந்தார். புழு வளர்ப்பு நீர் தற்செயலாகத் தன் கையில் சிந்தியதே அவருக்குத் துப்பு.

இங்கே தொகை முக்கியம். புழு இருக்கிறதா என்பதைவிட எத்தனை இருக்கின்றன என்பதே நோயைத் தீர்மானிக்கிறது. தென்னிந்தியாவில் மிகுந்து காணும் நெகேட்டர் வகைக் கொக்கிப்புழு ஒன்று ஒரு நாளில் ஏறத்தாழ 0.03 மி.லி. இரத்தத்தை இழக்கச் செய்கிறது. பத்துப் புழுக்கள் இருப்பவருக்கு இது பொருட்டல்ல. நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மி.லி. இரத்தமும் அதோடு சுமார் 1 மி.கி. இரும்பும் போகும். அதில் ஒரு பகுதி குடலில் திரும்ப உறிஞ்சப்படுவது உண்மை. ஆனால் ஒருவர் உணவிலிருந்து நாள்தோறும் உறிஞ்சும் இரும்பே 1 முதல் 2 மி.கி.தான். மாதவிடாயிலும் பிள்ளைப்பேற்றிலும் இரும்பை இழக்கும் ஒரு பெண்ணின் கணக்கில் இந்தச் சிறு கசிவு ஆண்டுக்கணக்கில் தொடரும்போது பெரிதாகிவிடுகிறது.

எண்ணிக்கையை அறியப் பயன்படுவது காட்டோ-காட்ஸ் என்னும் எளிய முறை. 41.7 மி.கி. மலத்தைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, கண்ட முட்டைகளை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்பது தெரியும். கொக்கிப்புழுவுக்கு 2000க்குக் கீழே லேசான தொற்று, 4000க்கு மேல் கடுமையான தொற்று. முறை எளிது, குறைகள் பல. கொக்கிப்புழு முட்டைகள் தகட்டில் ஒரு மணி நேரத்துக்குள் கரைந்து மறைகின்றன. காலையில் தகடு செய்து மாலையில் பார்ப்பவர் புழு இல்லை என்றே எழுதுவார். லேசான தொற்று ஒற்றைத் தகட்டில் தப்பிவிடும்.

நமது ஆய்வகங்களில் எதிர்த்திசைத் தவறும் நடக்கிறது. மலத்தில் அமீபாவின் கூடுநிலை (சிஸ்ட்) என்று வரும் அறிக்கையைக் கண்டதும் மெட்ரோனிடசோல் எழுதப்படுகிறது. நோய் தரும் எண்டமீபா ஹிஸ்டோலிட்டிகாவையும் தீங்கற்ற எண்டமீபா டிஸ்பாரையும் வழக்கமான நுண்ணோக்கிப் பார்வை பிரித்தறியாது. இரத்தமும் சளியுமாகப் போகும் மலத்தில், சிவப்பணுக்களை விழுங்கிய அமீபாவைக் கண்டால் அது நோய்தான். தொல்லை எதுவுமில்லாதவரின் மலத்தில் கண்ட கூடுநிலைக்கு, எந்த அமீபா என்று உறுதி செய்யாமல் மருந்து தர வேண்டியதில்லை என்பதே 1997 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சோதிக்காமல் விடுவது போலவே, சோதித்ததைத் தவறாக வாசிப்பதும் நோயறிதலின் தோல்வியே.

4. ஒரு முன்வரலாறு: இலங்கைத் தோட்டங்கள்

எல்லோருக்கும் மருந்து என்னும் எண்ணம் புதியதன்று. அது பெருமளவில் சோதிக்கப்பட்ட தொடக்கக் களங்களில் ஒன்று தமிழ்த் தொழிலாளர்களின் உடல். தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆள்சேர்க்கும் கங்காணிகள் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்றவர்களிடம் கொக்கிப்புழு மிகப் பரவலாக இருந்தது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பன்னாட்டுச் சுகாதார வாரியம் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் தன் இயக்கத்தைத் தொடங்கியது. மண்டபம் முகாமில் கப்பலுக்குக் காத்திருந்தவர்களுக்கும் பின்னாளில் புழு மருந்து கொடுக்கப்பட்டது.

பரிசோதனையில் ஏறக்குறைய எல்லோரிடமும் புழு காணப்பட்ட இடத்தில் ஆளுக்கொரு பரிசோதனை வீண் செலவு என்ற வாதம் அங்கே இயல்பாகவே எழுந்தது. கீனோபோடியம் எண்ணெயும் தைமாலும் அன்றைய மருந்துகள். இரண்டும் நச்சுத்தன்மை உடையவை. மருந்து வேலை செய்தது. தொழிலாளரின் உடலில் வலு கூடியதைத் தோட்டத்தார் கண்டனர். ஆனால் லயங்கள் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்புகளுக்குக் கழிப்பறை கட்டும் செலவை ஏற்பதில் அவர்களில் பலர் தயங்கினர். தேயிலைச் செடிகளின் நிழலும் மலைநாட்டு ஈரமும் இளம்புழுவுக்கு ஏற்ற மண்ணைத் தந்தன. அந்த மண்ணில் வெறுங்காலோடு கொழுந்து பறித்தவர்களுக்கு மீண்டும் தொற்று வந்தது.

வரலாற்றாசிரியர்கள் இவ்வியக்கத்தை இரு கோணங்களில் வாசித்துள்ளனர். இலங்கையின் ஊரகப் பொதுச் சுகாதார அமைப்புக்கு இது வித்திட்டது என்பது ஒன்று; உழைப்பாளியின் உடலை உற்பத்திக்கு ஏற்றதாக்கும் குடியேற்ற முதலாளியத்தின் கருவி என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. நம் வினாவுக்கு முக்கியமானது மூன்றாவது ஒரு செய்தி. மருந்தின் செலவை ஏற்க முன்வந்தவர்கள் மண்ணின் செலவை ஏற்க முன்வரவில்லை. சோர்வுக்குக் காரணம் புழு என்று தெரிந்ததும் தொழிலாளி சோம்பேறி என்ற பழியிலிருந்து ஓரளவு விடுபட்டார். ஆனால் அந்தப் புழுவுக்குக் காரணமான குடியிருப்பு பெரும்பாலும் அப்படியே இருந்தது.

5. பொதுமருந்தளிப்பு: வாதமும் எதிர்வாதமும்

இன்றைய கொள்கையின் தருக்கம் தெளிவானது. ஒரு பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் தொற்று இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை, 50 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இருமுறை எல்லோருக்கும் மருந்து தருக என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மாத்திரையின் விலையைவிடப் பரிசோதனையின் செலவு பல மடங்கு அதிகம். ஆசிரியரும் அங்கன்வாடிப் பணியாளரும் கொடுக்கக்கூடிய அளவுக்கு மருந்து பாதுகாப்பானது.

பலன் எவ்வளவு என்பதில்தான் சண்டை. கென்யாவின் பூசியா மாவட்டத்தில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வை எட்வர்ட் மிகேல், மைக்கேல் கிரெமர் இருவரும் 2004இல் வெளியிட்டனர். மருந்து பெற்ற பள்ளிகளில் வராதோர் எண்ணிக்கை கால்பங்கு குறைந்தது என்றும், மருந்து பெறாத அக்கம்பக்கப் பிள்ளைகளுக்கும் பயன் சென்றது என்றும் அது கூறியது. 2015இல் லண்டன் ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் ஆராய்ந்து சில முடிவுகளைக் கேள்விக்குள்ளாக்கினர். அறிவியல் இதழ்களைத் தாண்டி நாளிதழ்களுக்கும் பரவிய இச்சர்ச்சைக்குப் ‘புழுப் போர்’ என்றே பெயர் விழுந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகள், பொதுமருந்தளிப்பால் குழந்தைகளின் சராசரி எடையிலோ ஹீமோகுளோபினிலோ பள்ளித் தேர்ச்சியிலோ குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை என்று தொடர்ந்து கூறி வருகின்றன. உத்தரப் பிரதேசத்தில் ஏறத்தாழ 10 லட்சம் குழந்தைகளிடம் ஐந்தாண்டுகள் நடந்து 2013இல் வெளியான டெவ்டா ஆய்வும் இறப்பு விகிதத்தில் ஐயத்துக்கு இடமில்லாத குறைவு எதையும் காட்டவில்லை. மறுபக்கம், கென்யப் பிள்ளைகளை 20 ஆண்டுகள் கழித்துத் தேடிச் சென்ற ஆய்வு 2021இல் வந்தது. கூடுதலாக இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்து பெற்றவர்களின் நுகர்வுச் செலவு 14 விழுக்காடும் மணிநேர வருமானம் 13 விழுக்காடும் அதிகம் என்றது அது.

இரு தரப்பும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை என்பதே என் வாசிப்பு. புழுச்சுமை மக்களிடையே சமமாகப் பரவுவதில்லை. ஊரில் சிலரிடம் நிறைய, பலரிடம் கொஞ்சம், மற்றவர்களிடம் இல்லை. 1980களில் பழவேற்காடு ஏரிப் பகுதி மீனவக் குப்பங்களில் எல்கின்ஸ், ஹாஸ்வெல்-எல்கின்ஸ், ஆண்டர்சன் ஆகியோர் மருந்துக்குப்பின் வெளிவந்த புழுக்களை எண்ணியே இதைக் காட்டினர். முதல் முறை அதிகம் சுமந்தவர்களே, மருந்து பெற்றுச் சில மாதங்களில் மீண்டும் அதிகம் சுமக்க முனைந்தனர் என்பதும் அவர்கள் கண்ட முடிவு. இப்படிப்பட்ட பரவலில் எல்லோரின் சராசரியை எடுத்தால், கடுமையாகப் பாதிக்கப்பட்ட சிலர் அடைந்த பெரும்பயன், பாதிப்பே இல்லாத பலரின் பூஜ்யத்தில் கரைந்துபோகும். ஆகவே சராசரியில் பலன் தெரியவில்லை என்ற காக்ரேன் முடிவும், நோயுற்றவருக்கு மருந்து பெரும்பயன் தரும் என்ற மருத்துவர் அனுபவமும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. அந்தச் சிலர் யார் என்று தெரியாதிருப்பதே எஞ்சும் சிக்கல். அதைச் சொல்லக்கூடியது பரிசோதனைதான்.

6. தமிழ்நாட்டுத் தரவுகள் சொல்வது

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்குழுக்கள் இக்களத்தில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகின்றன. வேலூர், திருவண்ணாமலை மாவட்டப் பள்ளிகளில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில் தொற்று சுமார் 8 விழுக்காடாக இருந்தது. ஒரு பள்ளிக்கும் இன்னொரு பள்ளிக்கும் பெரும் வேறுபாடு. சவ்வாது மலைப் பழங்குடி ஊர்களிலோ பத்துப் பேரில் ஏறத்தாழ நான்கு பேரிடம் புழு காணப்பட்டது. அதில் மிகப் பெரும்பகுதி கொக்கிப்புழு. ஒரே மருத்துவமனையின் சுற்றுவட்டாரத்தில், சமவெளிப் பள்ளிக்கும் மலைக் கிராமத்துக்கும் இடையே இத்தனை வேறுபாடு. மாவட்டச் சராசரி இதைக் காட்டாது.

பெனின், மலாவி ஆகிய நாடுகளோடு இந்தியாவிலும் நடந்த டிவோர்ம்3 ஆய்வின் இந்தியக் களங்கள் திமிரியும் சவ்வாது மலையும். பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் மருந்து தருவதையும், எல்லா வயதினருக்கும் ஆண்டுக்கு இருமுறை வீடு தேடிச் சென்று தருவதையும் ஒப்பிட்டது அது. அதன் தொடக்கநிலைக் கணக்கெடுப்பு மூன்று செய்திகளைத் தருகிறது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் இப்பகுதியில் அரிதாகிவிட்டன. கொக்கிப்புழு எஞ்சி நிற்கிறது. பெரும்பாலும் லேசான தொற்றாக. வயது கூடக் கூட அது அதிகமாகிறது.

முதல் செய்தி ஒரு வெற்றியைக் குறிக்கலாம். பள்ளி மாத்திரையோடு, யானைக்கால் நோய் ஒழிப்புக்காகப் பல மாவட்டங்களில் டி.இ.சி. மருந்துடன் எல்லா வயதினருக்கும் அல்பெண்டசோல் கொடுக்கப்பட்டதும் இதற்கு உதவியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவது செய்தி திட்டத்தின் வயது வரம்பையே கேள்வி கேட்கிறது. உருளைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில் உச்சம் தொடுபவை. அவற்றை மனத்தில் வைத்தே பள்ளி வழித் திட்டம் வகுக்கப்பட்டது. வயலில் நாற்று நடும் 40 வயதுப் பெண்ணும் தோட்ட வேலை செய்யும் 55 வயது ஆணும் அதற்கு வெளியே நிற்கிறார்கள். அவர்களிடம் மிஞ்சும் புழுவின் முட்டை மீண்டும் மண்ணுக்குப் போகிறது. மாத்திரை விழுங்கிய பிள்ளை அதே மண்ணில் நடக்கிறது.

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்குச் சோகை உண்டு. இதற்குப் பெருங்காரணம் உணவில் இரும்புக் குறைவு. கொக்கிப்புழுவை மட்டும் குற்றவாளியாக்க முடியாது. ஆயினும் இரும்புச்சத்து மாத்திரையை மாதக்கணக்கில் தின்றும் ஹீமோகுளோபின் ஏறாத பெண்ணுக்கு மலப் பரிசோதனை ஏன் வழக்கமாக எழுதப்படுவதில்லை என்ற கேள்வி நியாயமானது. மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவரைக் கடிந்துகொள்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை அது.

7. மாத்திரை எட்டாத இடங்கள்

ஒற்றை வேளை அல்பெண்டசோல் எல்லாப் புழுவுக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. 2017இல் வெளியான தொகுப்பாய்வின்படி உருளைப்புழுவில் சுமார் 96 விழுக்காட்டினரும் கொக்கிப்புழுவில் சுமார் 80 விழுக்காட்டினரும் முழுதாகக் குணமாகிறார்கள். சாட்டைப்புழுவில் சுமார் 31 விழுக்காட்டினரே. குணமாகாதவரிடமும் புழுச்சுமை குறைகிறது என்பதால் மருந்து வீண் என்று பொருளில்லை. எனினும் மாத்திரை போட்டாயிற்று, புழு போயிற்று என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரமில்லை.

இதைவிட ஆழமான சிக்கல், பள்ளியில் தரும் ஒற்றை வேளை மாத்திரையால் தீராத தொற்றுகள். அவற்றில் நான்கை இங்கே கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ். இதுவும் பாதம் வழியே வரும் புழு. ஆனால் மனித உடலுக்குள்ளேயே தன் சுழற்சியை முடித்துப் பல பத்தாண்டுகள் வாழவல்லது. காட்டோ-காட்ஸ் முறையில் அகப்படாது; ஒற்றை வேளை அல்பெண்டசோலுக்கு எளிதில் பணியாது; ஐவர்மெக்டின் இதற்கு நல்ல மருந்து. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ ஸ்டீராய்டு தொடங்கும்போது உடலின் எதிர்ப்பு தளர்ந்து இப்புழு கட்டுமீறிப் பெருகி உயிரைப் பறிக்கலாம். வயல்வேலை செய்தவருக்கு நீண்டகால ஸ்டீராய்டு எழுதும் மருத்துவர் முன்கூட்டியே நினைக்க வேண்டிய புழு இது.

இரண்டாவது, பன்றி நாடாப்புழு. அரைவேக்காட்டுப் பன்றி இறைச்சியால் குடலில் வளரும் நாடாப்புழு பெரும்பாலும் சிறு தொல்லையே. அப்படிப்பட்டவரின் மலத்தில் வெளிவரும் முட்டை, கழுவாத கை வழியாகவோ உணவு வழியாகவோ வேறொருவர் வாய்க்குள் போனால் மூளையில் நீர்க்கட்டியாகலாம். ஆகவே வாழ்நாளில் இறைச்சியே தொடாதவருக்கும் மூளைக்கட்டி வரும். வேலூர் பகுதியில் வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இதுவே காரணம் என்று 2006இல் வேலூர் ஆய்வு காட்டியது. மூளையில் கட்டி உள்ளவர் புழு மருந்து விழுங்கினால், கட்டி சிதையும்போது எழும் வீக்கத்தால் வலிப்பு வரக்கூடும். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் மாத்திரை போடக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, ஜியார்டியா. நாற்றமடிக்கும் எண்ணெய்ப்பசையான பேதி, வயிறு உப்பல், எடை குறைதல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தால் இதை ஐயுற வேண்டும். இது புழுவே அன்று, ஓரணு உயிரி. குடற்புழு மாத்திரையின் ஒற்றை வேளை இதைத் தீர்க்காது. டினிடசோல் போன்ற வேறு மருந்து வேண்டும்.

நான்காவது, கீரிப்பூச்சி. இதற்கு அல்பெண்டசோல் உகந்த மருந்துதான். ஆனால் மருந்து முட்டைகளைக் கொல்லாது. இரண்டு வாரம் கழித்து இரண்டாம் வேளை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து, நகம் வெட்டுதல், விரிப்புகளை வெந்நீரில் துவைத்தல் ஆகியவை சேர்ந்தால்தான் பலன். பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் கொடுக்கும் மாத்திரை அதைச் செய்யாது.

கொடுக்கும் முறையிலும் கவனம் தேவை. சிறு குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து தர வேண்டும். அழும் குழந்தையின் வாயில் திணித்தால் மூச்சுக்குழலில் சிக்கும். காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அன்று தரக்கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்க்க வேண்டும். உருளைப்புழு மிகுந்த குழந்தைக்கு வயிறு வீங்கி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் நின்றுவிட்டால் அது குடலடைப்பாக இருக்கலாம். அங்கே மாத்திரைக்கு இடமில்லை, உடனே மருத்துவமனைதான்.

8. மண்ணின் பங்கு

மருந்து புழுவை வெளியேற்றும். மீண்டும் வராமல் தடுக்காது. இதற்குக் கழிப்பறையே விடை என்று சொல்லி முடிப்பதும் எளிது. சான்றுகள் அவ்வளவு எளிதாக இல்லை. ஒடிசாவின் 100 கிராமங்களில் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கழிப்பறை உள்ள வீடுகள் 9 விழுக்காட்டிலிருந்து 63 விழுக்காடாக உயர்ந்தும் வயிற்றுப்போக்கோ குடற்புழுவோ குறையவில்லை. கட்டியவற்றில் பல பயன்படவில்லை. பயன்படுத்தியவர்களும் வீட்டில் சிலரே. தண்ணீர் இல்லாத கழிப்பறையும் குழி நிரம்பினால் யார் அள்ளுவது என்ற சாதி சார்ந்த அச்சமும் இந்தியக் கழிப்பறைக் கணக்குகளுக்குப் பின்னால் நிற்பவை.

ஊரில் பெரும்பாலோர் ஒருசேர மாறாமல் மண் மாறாது என்பதே இதிலிருந்து பெறும் பாடம். கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை வீட்டுக் கழிப்பறை மட்டும் போதாது. வேலை செய்யும் இடமும் கணக்கில் வர வேண்டும். காலை முதல் மாலை வரை வயலிலும் தோப்பிலும் ஊரக வேலை உறுதித் திட்டத் தளத்திலும் இருப்பவர் எங்கே போவார்? நாற்று நடும் சேற்றில் செருப்பும் நிற்காது. காலணி அணியுங்கள் என்ற அறிவுரை பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தும். நடவுப் பெண்ணுக்கு அதைச் சொல்வது அவர் வேலையை அறியாமல் சொல்வது. இலங்கைத் தோட்டங்களில் எழுந்த கேள்வி நூறாண்டு கழித்தும் அதே வடிவில் நிற்கிறது: உழைப்பவரின் கழிப்பிடத்துக்கு யார் பொறுப்பு?

9. முடிவுரை

பரிசோதிக்காமல் மருந்து தருவது, தொற்று மிகுந்து சோதனை வசதி குறைந்த இடத்தில் அறிவுடைய செயல். தொற்று குறையக் குறைய அதன் நியாயமும் குறைகிறது. தமிழ்நாட்டின் சமவெளிப் பகுதிகள் பல இன்று அந்த நியாயம் குறையும் எல்லையை நெருங்கிவிட்டன. சவ்வாது மலை போன்ற இடங்கள் நெருங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே மாத்திரை என்பது நிர்வாகத்துக்கு வசதி. கால்நடைகளில் இதே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தந்ததால் ஆட்டுப் புழுக்களிடம் மருந்தெதிர்ப்புத்திறன் வளர்ந்திருப்பது, மனிதரிடம் தேவையற்ற இடத்தில் மருந்தைத் தொடர்வதற்கு எதிரான எச்சரிக்கை.

இவ்வாய்விலிருந்து மூன்று மாற்றங்களை முன்வைக்கலாம். தொற்று மிகுந்த வட்டாரங்களை மலப் பரிசோதனை மூலம் அவ்வப்போது வரையறுத்து, அங்கே வயது வரம்பின்றி மருந்தளிப்பது ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில், இரும்புச்சத்து தந்தும் தேறாத சோகைக்கு மலப் பரிசோதனையை வழக்கமாக்குவதும், அங்குள்ள ஆய்வகருக்குத் தகட்டை உரிய நேரத்தில் பார்க்கும் பயிற்சியும் அவகாசமும் தருவதும் இரண்டாவது. வேலைத்தளக் கழிப்பிடத்தை நோய்த்தடுப்புச் செலவாகவே கணக்கில் சேர்ப்பது மூன்றாவது. இவற்றில் இரண்டாவது மிகச் சிறியது. புதிய மருந்தோ புதிய கருவியோ கேட்காதது. நுண்ணோக்கி பெரும்பாலான நிலையங்களில் ஏற்கெனவே இருக்கிறது. தொடங்க வேண்டிய இடம் அதுவே.